குப்பம்மாவின் காலும் என் காகித உறைகளும்

ஜவ்வாது மலையில் முப்பத்தோரு வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கம்பவுண்டரு" என்பார்கள். பழகிவிட்டால் "ஏழுமலண்ணா". எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

நான் வேலை பார்த்தது ஒரு சின்ன அறக்கட்டளை ஆஸ்பத்திரி. பன்னிரண்டு படுக்கை, ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ், நான். இப்போது அங்கே மருந்துக் கிடங்கைப் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஈரம் கொஞ்சம் ஏறினாலும் போனுக்குச் செய்தி அனுப்புகிற கருவி வைத்திருக்கிறார்களாம். அங்கே இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள், "பழைய கிடங்கைப் பத்தி நாலு வரி எழுதிக் கொடுங்க சார், சட்டம் போட்டு மாட்டணும்" என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் நிற்கவில்லை. அந்தக் கிடங்கு என்றாலே எனக்கு நினைவு வருவது நான் செய்த ஒரு தப்பு. அதைச் சட்டம் போட்டு மாட்டுவார்களா, தெரியவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா கடலை போடுவார். வேலூரில் இரண்டு வருஷம் மருந்தியல் பட்டயப் படிப்பு. அங்கே ஒரு தேர்வில், "படிக உருவம் இல்லாத மருந்துகள் பற்றிச் சிறு குறிப்பு வரைக" என்று இரண்டு மார்க் கேள்வி வந்தது. "எளிதில் கரையும். ஆனால் நிலைத்தன்மை குறைவு" என்று எழுதினேன். இரண்டு மார்க்கும் கிடைத்தது. அதோடு அந்த விஷயம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று புரிய இருபது வருஷம் ஆனது.

டாக்டரம்மா பேர் மங்கையர்க்கரசி. மதுரைப் பக்கம். மெலிந்த உடம்பு, காதோரம் நரை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கேயாவது ஏதாவது தவறு நடந்துவிட்டால், முதலில் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவரச் சொல்வார். அதை ஊதி ஊதிக் குடித்து முடிக்கிற வரைக்கும் பேச மாட்டார். எதிரே நிற்கிற நமக்குத்தான் வேர்க்கும். குடித்து முடித்ததும், "சரி. எப்படி நடந்துச்சு?" என்பார். "யார் செஞ்சது" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு தடவை நர்ஸ் விமலா பயத்தில், "நான் பண்ணலைங்க மேடம்" என்று சொல்லிவிட்டார். "அதை நான் கேக்கலையே விமலா. எப்படின்னுதான் கேட்டேன்" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரிடம் யாரும் பொய் சொல்ல மாட்டோம்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. புண்ணோ வீக்கமோ எதுவாக இருந்தாலும் நோயாளியின் சீட்டில் அதைப் படமாக வரைந்துவிடுவார். போட்டோ எடுப்பதிலும் ஆசை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவும் கையுமாகப் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார். ஆனாலும் புண்ணைக் கையால்தான் வரைவார். "வரைஞ்சாத்தான் ஒழுங்காப் பாப்பேன்" என்பார்.

திங்கட்கிழமைதான் எங்களுக்குப் பெரிய நாள். புதூர்நாட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் வரும். ஒரு ஜீப்பில் இருபது பேர்கூட வருவார்கள். ஒரு மணிக்கு ஜீப் திரும்பிவிடும். விட்டால் நடைதான். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் என் ஜன்னலில் வந்து குவிவார்கள். மாதா மாதம் ஒரே மாத்திரை வாங்குகிறவர்களும் வரிசையில் நின்று ஜீப்பை விடுவதைப் பார்த்து, நானே ஒரு ஏற்பாடு செய்தேன். பழுப்புக் காகிதத்தில் உறைகள் மடித்து, ரத்தக் கொதிப்பு, வலிப்பு, சர்க்கரை என்று நிரந்தர நோயாளிகளுக்கு வேண்டிய மாத்திரைகளை முன்கூட்டியே எண்ணிப் போட்டு வைத்துவிடுவேன். மேலே பேர், ஊர். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. மழைக்காலம் வருகிறதென்றால் மூன்று நான்கு மாதத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுவேன்.

இந்த உறைகளை அடுக்க மரத்தில் புறாக்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள் வைத்த ஓர் அலமாரி செய்யச் சொன்னேன். எங்கே வைப்பது? கிடங்கின் வடக்குச் சுவர் மழையில் ஊறும். தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், அறுவைத் துணிகளையும் கருவிகளையும் நீராவியில் வேகவைக்கிற ஆட்டோகிளேவ் இருந்தது. அதனால் அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். வெதுவெதுப்பு என்றால் ஈரம் அண்டாது என்று நம்பி அலமாரியை அங்கே நிறுத்தினேன். டாக்டரம்மா வந்து பார்த்து, "அழகா இருக்கு ஏழுமலை" என்றார். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

குப்பம்மா வந்தது அந்தச் சமயத்தில்தான். நாற்பது வயசிருக்கும். சாமை விதைக்கிற குடும்பம், கூடவே புளி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளைச் செங்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். தனி ஆள். வலது பாதம் பலாக்காய் மாதிரி வீங்கி, ஐந்து இடத்தில் ஓட்டை விழுந்து நீர் கசிந்தது. கசிவில் கருப்பாகக் கடுகு மாதிரி மணிகள். டாக்டரம்மா அந்த மணிகளைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்த்துவிட்டு, பூஞ்சை என்றார். வெறுங்காலில் முள் குத்தும்போது மண்ணிலிருந்து உள்ளே போகிற பூஞ்சை. உள்ளேயே வருஷக் கணக்கில் தின்னும். எலும்பைத் தொட்டுவிட்டால் பாதத்தை எடுப்பதைத் தவிர வழியில்லை.

"மதுரைப் பாதம்னு எங்க ஊர் பேரைத்தான் இந்த வியாதிக்கு வெச்சிருக்கான்" என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்லி, பாதத்தை வரைந்தார். ஐந்து ஓட்டைக்கும் ஐந்து புள்ளி.

மருந்து ஒரு நீல நிறக் காப்சூல். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டோடு. ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் சாப்பிட வேண்டும். அறுபது காப்சூல் ஒரு வெள்ளை பாட்டிலில் வரும். ஒரு வருஷத்துக்கு வேண்டியதை ஒரே தவணையில் வரவழைத்தோம். மூன்று மாதத்தில் ஓட்டைகள் ஐந்திலிருந்து நான்காகி, நான்கிலிருந்து இரண்டாகின. வீக்கம் வற்றி, கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாவது மாதம் குப்பம்மா என் ஜன்னலுக்கு வந்து காலி பாட்டிலை வைத்தார். மூடி நசுங்கியிருந்தது.

"இன்னாம்மா இது?"

"இத்த எவன் செஞ்சான்? அமுக்கித் திருப்புன்ற, அமுக்குனா திரும்ப மாட்டுது, திருப்புனா அமுங்க மாட்டுது. கல்ல வெச்சி இடிச்சித்தான் தொறக்கறேன். ரெண்டு மாத்திரை நசுங்கிப்போச்சி."

குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்று செய்த மூடி. புளி உடைத்து உடைத்துக் காய்த்துப்போன அந்த விரல்களுக்கு அது மசியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "வுடு, அடுத்த மாசத்துலேர்ந்து கவர்ல போட்டுத் தர்றேன்" என்றேன். அன்றைக்கே ஆறு பாட்டிலைக் கவிழ்த்து ஆறு உறையில் போட்டு, குப்பம்மா என்று எழுதி, சூரியனும் பிறையும் போட்டு, வெதுவெதுப்பான சுவரை ஒட்டி அடுக்கினேன். பாட்டிலுக்குள் இருந்த, ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்களைக் குப்பையில் போட்டேன். கவிழ்க்கும்போது ஒரு காப்சூல் பிளந்து மேசையில் சிதறியது. உள்ளே தேன் நிறத்தில், உடைந்த கண்ணாடி வளையல் மாதிரித் தெளிந்த துணுக்குகள். அழகாக இருக்கிறதே என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

மழைக்காலம் தொடங்கியது. ஐந்தாம் மாதம் ஓட்டை மூன்றானது. ஆறாம் மாதம் ஐந்து. வீக்கம் மறுபடி ஏறியது. அந்தத் திங்கட்கிழமை டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒழுங்கா சாப்பிடுறாங்களான்னு கேளுங்க" என்று குப்பம்மாவை என்னிடம் அனுப்பினார்.

நான் கேட்ட விதம் இருக்கிறதே, அதை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. ஜன்னலைச் சுற்றி முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, மாத்திரைய துன்றியா, இல்ல ஆட்டுக்குப் போடுறியா?"

"வேளா வேளைக்கு முழுங்கறேண்ணா."

"முழுங்கினா கால் ஏன் இப்டி ஆவுது? நாங்க இன்னா பொய்யா மருந்து தர்றோம்? இவ்ளோ பேர் எதிர்ல சொல்றேன், நீ ஒழுங்கா துன்றதில்ல."

குப்பம்மா உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் ஜீப்பில் ஏறினார். எனக்கு அடுத்த ஆளின் சீட்டுதான் முக்கியமாக இருந்தது.

ஏழாம் மாதம் டாக்டரம்மா அவரைக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே அறுவை மருத்துவர் பார்த்துவிட்டுக் கடிதம் கொடுத்தார். எலும்பில் இன்னும் படரவில்லை, ஆனால் மருந்து வேலை செய்யவில்லை. காத்திருந்தால் முழங்கால் வரை போகும். அடுத்த மாதம் பாதத்தைக் கணுக்காலுக்கு மேல் எடுத்துவிடலாம் என்று நாளும் குறித்திருந்தார்.

டாக்டரம்மா அந்தக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு வெந்நீர் கேட்டார். நான்தான் கொண்டுபோனேன். குடித்து முடித்தார்.

"எப்படி ஏழுமலை? மூணு மாசம் கேட்ட மருந்து நாலாவது மாசத்துலேர்ந்து எப்படிக் கேக்காமப் போகும்?"

"அவங்க சாப்பிடலைங்க மேடம்."

"உங்களுக்குத் தெரியுமா, தோணுதா?"

நான் காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"போய் எண்ணிட்டு வாங்க."

மறுநாள் காலை ஜீப்பில் போய் முச்சந்தியில் இறங்கி, ஒன்றரை மணி நேரம் நடந்தேன். மழை விட்டிருந்தது. குப்பம்மா வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார். "வா" என்று சொல்லவில்லை. நான் வந்த காரணத்தைச் சொன்னதும் உள்ளே போய், ஒரு பவுடர் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே நான் கொடுத்த உறை.

எண்ணினேன். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. முப்பத்தெட்டு போயிருக்க வேண்டும், இருபத்திரண்டு மிச்சமிருக்க வேண்டும். இருபத்திரண்டு இருந்தது. திரும்ப எண்ணினேன். இருபத்திரண்டுதான். வயிற்று எரிச்சலுக்கு ஏதாவது மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன், அது இந்த மருந்தைக் கெடுக்கும். இல்லை என்றார். வெறும் வயிற்றிலா என்றேன். "களி துன்னுட்டுத்தான்" என்றார். கேட்க வேறு கேள்வி இல்லை. இரண்டு காப்சூலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு எழுந்தேன்.

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேம்மா."

"சரி, போ" என்று முறத்தை எடுத்துக்கொண்டார்.

நான் திரும்பி வந்தபோது டாக்டரம்மா குப்பம்மாவின் சீட்டுகளை வரிசையாக மேசையில் பரப்பி வைத்திருந்தார். ஏழு பாதங்கள். புள்ளிகள் ஐந்து, நான்கு, இரண்டு என்று குறைந்து, மறுபடி ஏறியிருந்தன. பக்கத்தில் என் மருந்து வழங்கும் பதிவேடு. நான்காவது மாதத்துக்கு நேராக என் கையெழுத்தில், "உறையில் வழங்கப்பட்டது".

"இந்த மாசம் ஒண்ணு மாறியிருக்கு" என்று அந்த வரியில் விரலை வைத்தார்.

மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து ஒரு காப்சூலைத் திறந்தேன். துணுக்குகள் தேன் நிறத்தில் இல்லை. வெள்ளையாக, மங்கலாக, உப்புக் கல் மாதிரி இருந்தன. ஓடிப்போய் இரும்பு பீரோவிலிருந்து, இன்னும் சீல் உடைக்காத ஒரு பாட்டிலை எடுத்து வந்தேன். மூன்று பாட்டில்தான் மிச்சம் இருந்தது. அதே தயாரிப்பு எண். உடைத்து ஒரு காப்சூலைத் திறந்து பக்கத்தில் கொட்டினேன். கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது.

"அதே எண்ணா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அதே எண்ணுங்க."

"அப்ப கம்பெனி மேல தப்பில்ல."

வயிற்றுக்குள் இருப்பது போல லேசான அமிலக் கரைசலை இரண்டு குப்பிகளில் ஊற்றி, வெந்நீரில் வைத்து, தெளிந்த துணுக்கை ஒன்றிலும் வெள்ளைத் துணுக்கை இன்னொன்றிலும் போட்டோம். அரை மணி நேரத்தில் முதல் குப்பியில் துணுக்கைக் காணோம். இரண்டாவதில் அடியில் மணல் மாதிரி அப்படியே கிடந்தது. ஆட்டினாலும் கிடந்தது.

டாக்டரம்மா விடவில்லை. கேமராப் பெட்டியிலிருந்து, ஒளியின் கூச்சத்தைக் குறைக்கிற இரண்டு வடிகட்டிக் கண்ணாடிகளை எடுத்து வந்தார். சளி பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் விளக்குக்கு மேல் ஒன்று, கண் வைக்கிற இடத்தில் இன்னொன்று. ஒன்றைத் திருப்பத் திருப்பப் பார்வை முழுக்க இருட்டாகிவிட்டது. அதில் தெளிந்த துணுக்கின் தூளை வைத்தார். இருட்டு அப்படியே இருந்தது. வெள்ளைத் தூளை வைத்தார்.

"பாருங்க."

பார்த்தேன். அந்த இருட்டில் நூறு நூறாக ஜொலித்தது. அவ்வளவும் படிகம். அத்தனை அழகான ஒன்றை அவ்வளவு வெறுப்போடு நான் பார்த்ததில்லை.

அந்தச் சாயங்காலம் டாக்டரம்மா பொறுமையாக எனக்கு விளக்கினார். இந்த மருந்து இயல்பில் படிகம். அணுக்கூட்டங்கள் வரிசை வரிசையாகக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும், தண்ணீரில் கரையாது. கரையாதது ரத்தத்தில் ஏறாது. அதனால் தயாரிக்கிறவர்கள் அதை ஒரு பிசினோடு சேர்த்து உருக்கி, வரிசை கட்ட நேரமே கொடுக்காமல் சட்டென்று குளிரவைக்கிறார்கள். இருந்த இருப்பில் உறைந்துபோகும். திடமாக இருக்கும், ஆனால் உள்ளே ஒழுங்கு இருக்காது. ஜன்னல் கண்ணாடியும் அந்த ஜாதிதான். இந்த நிலையில் மருந்து எளிதாகக் கரையும். ஆனால் அது நிம்மதியான நிலை இல்லை. எப்போது வாய்ப்புக் கிடைத்தாலும் படிகத்துக்குத் திரும்பிவிடப் பார்க்கும். இந்த மாதிரிப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சூட்டு எல்லை உண்டு. அதற்குக் கீழே அசையாமல் உறைந்து கிடக்கும். எல்லையை நெருங்கினால் உள்ளே இளகும். ஈரம் புகுந்துவிட்டால் அந்த எல்லையே கீழே இறங்கி வந்துவிடும். அப்புறம் வெதுவெதுப்பு போதும்.

"மத்த மாத்திரைங்க எதுக்கும் ஒண்ணும் ஆகலையே மேடம்?"

"அதெல்லாம் மொதல்லயே படிகம். அதுக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல. இது ஒண்ணுதான் கண்ணாடி."

இரண்டு மார்க் கேள்விக்கு நான் எழுதிய பதில் இதுதான்.

எழுந்து கிடங்குக்குப் போனேன். அலமாரியை நகர்த்திச் சுவரில் கையை வைத்தேன். ஆட்டோகிளேவ் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் சூடாக இருந்தது, சூடு மட்டுமில்லை, பிசுபிசுத்தது. மேலே உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி. அதன் வழியே ஆவி என் உறைகள் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினவன்தான் நான். அந்த வெப்பமானி வாசல் பக்கம், குளிர்ந்த சுவரில் தொங்கியது.

டாக்டரம்மா பின்னாலேயே வந்து நின்றிருந்தார். நான், "நான்தாங்க மேடம்" என்றேன்.

"யாருன்னு கேக்கலை" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "'அழகா இருக்கு'ன்னு சொன்னது நான். முதல்ல அந்தக் காலைப் பாப்போம்."

உடனே அறுவை மருத்துவருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்தில் அவர் தயங்குவது எனக்குக் கேட்டது. "நாலு மாசமா அந்தம்மா உள்ள மருந்தே போகலை டாக்டர். மருந்து தோத்துப் போச்சுன்னு எப்படிச் சொல்றது? எட்டு வாரம் குடுங்க" என்று கேட்டார். கடைசியில் ஆறு வாரம் கிடைத்தது.

"குப்பம்மாகிட்ட யார் சொல்றது?"

"நான் போறேங்க."

மறுநாளே போனேன். அந்த ஒன்றரை மணி நேரமும் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். போய் நின்றதும் எல்லாம் மறந்துபோனது. நான் கொண்டுபோன பாட்டிலை வைத்தேன். மூடி மாற்றியிருந்தேன், சும்மா திருகினால் திறக்கும். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் உள்ளேயே இருந்தது.

"உன் மேல தப்பு இல்லம்மா. மருந்து கெட்டுப்போச்சி. நான்தான் கெடுத்தேன்."

"மாத்திரை ஊசிப்போவுமா?"

"ஊசிப்போறது இல்ல..." எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். அப்புறம் தோன்றியது. "நம்ம ஜீப்புல ஏறும்போது இன்னா ஆவுது? ஆளுக்கொரு பக்கம் காலும் கையுமா கோணிக்கினு நிப்பாங்க. அப்ப நடுவுல ஒருத்தர எறங்கச் சொன்னா சுளுவா எறங்கிடலாம். வண்டி குதிச்சிக் குதிச்சிப் போவப் போவ எல்லாம் அமுங்கி, நெருக்கி உக்காந்துடறாங்க. அப்புறம் ஒருத்தர எறக்க முடியுதா? மருந்தும் அப்படித்தான். கோணிக்கினு கீறப்பதான் வயித்துல எறங்கும். நான் சூடான எடத்துல வெச்சேன். அது அமுங்கி உக்காந்துடுச்சி. வயித்துல எறங்காம அப்டியே வெளிய போய்டுச்சி."

குப்பம்மா கொஞ்ச நேரம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் முழுங்கியிருக்கேன்."

"ஒழுங்காத்தான் முழுங்கின."

"கால எடுத்துட்டா யாருண்ணா எனக்குப் புளி ஒலுக்குவா? மரத்துல யாரு ஏறுவா? மூணு மாசமா நெனச்சிக்கினு கீறேன், நம்ம கையிலதான் ஏதோ தப்புன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "அன்னிக்கி அவ்ளோ பேர் எதிர்ல சொன்ன இல்ல? இத்தயும் அவ்ளோ பேர் எதிர்ல சொல்லு."

"சொல்றேன்."

"திங்கக்கெழம வர்றேன்."

அந்தத் திங்கட்கிழமைபோல நான் எந்த நாளுக்கும் பயந்ததில்லை. பதினோரு மணிக்கு ஜன்னல் முன்னால் கூட்டம் நிறைந்திருந்தது. குப்பம்மா எதிர் பெஞ்சில், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்குள்ளிருந்தே சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அப்புறம் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்தம்மா மாத்திரைய ஒழுங்கா சாப்பிடலைன்னு நான் ரெண்டு மாசம் முந்தி இங்க சொன்னேன். அது பொய். அவங்க ஒரு வேளைகூட விடல. மருந்த வெக்கக் கூடாத எடத்துல வெச்சி கெடுத்தவன் நான். மன்னிச்சிக்குங்க."

அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அப்ப எங்க மாத்திரையும் பூட்ச்சா?" என்றார். அவ்வளவுதான். இடுப்பிலிருந்தும் பையிலிருந்தும் உறைகள் வெளியே வந்தன. "இத்தப் பாரு", "எனக்கு ஒரு மாசமா தல சுத்துது" என்று ஆளாளுக்கு என் முகத்தில் நீட்டினார்கள். நான் ஒவ்வொன்றாக வாங்கி, இது வேறு ஜாதி, கெடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரும் கேட்பதாயில்லை. பெஞ்சிலிருந்து குப்பம்மா குரல் வந்தது.

"அவுருதான் வாயத் தொறந்து சொல்லிட்டாரு இல்ல? இன்னா இன்னும்? வரிசையில நில்லுங்க, ஜீப்பு பூடும்."

நின்றார்கள்.

அந்த வாரமே அலமாரி இடம் மாறியது. எந்த மருந்தையும் அது வந்த பாட்டிலையோ அட்டையையோ விட்டுப் பிரிப்பதில்லை என்று முடிவு செய்தோம். பாட்டில் மேலேயே சூரியனும் பிறையும் ஒட்டினேன். புதிய தவணை மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்ததும் குப்பம்மாவின் காப்சூல்களை நானே நேரில் போய் எடுத்து வந்தேன். பஸ்ஸில் எஞ்சின் பக்கத்து சீட் காலியாக இருந்தும் பின்னால் நின்றுகொண்டே வந்தேன்.

ஆறாவது வாரம் டாக்டரம்மாவும் நானும் குப்பம்மாவை அறுவை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பி அழுத்தினார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நான் டாக்டரம்மாவின் கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தன. முப்பது வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சுண்டு விரலைக் காப்பாத்த முடியாது. மத்தபடி கத்தி வேணாம். இதே மருந்தைத் தொடருங்க" என்றார் அறுவை மருத்துவர். குப்பம்மா என்னிடம் திரும்பி, "சுண்டு வெரலு எதுக்கு ஒதவுது?" என்றார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் மருந்து தொடர்ந்தது. சீட்டில் புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசிப் படத்தில் நான்கு விரலோடு ஒரு பாதம் மட்டும் இருந்தது. டாக்டரம்மா, "இனிமே மாத்திரை வேணாம் குப்பம்மா" என்றார். குப்பம்மாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "அப்ப திங்கக்கெழம எதுக்கு வர்றது?" என்று கேட்டார். ஆனாலும் வந்தார். புளி வாங்குகிற கடைக்கு என்பார், ஊருக்காரிக்குத் துணைக்கு என்பார். எப்படியும் பதினோரு மணிக்கு எதிர் பெஞ்சில் இருப்பார். வரிசையைப் பார்த்துக்கொள்வார். கைக்குழந்தைக்காரிகளை முன்னால் விடுவார். எனக்குக் கோபம் வருவது தெரிந்தால், "ஏண்ணா, மெதுவா கேளு" என்பார். நான் மெதுவாகக் கேட்பேன்.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். டாக்டரம்மா அதற்கு முன்பே மதுரைக்குப் போய்விட்டார். மாதம் ஒரு பறவைப் படம் அனுப்புகிறார். விழாவெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டு செங்கத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்து மணிக்கே சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர்.

"இன்னாண்ணா, ஒடம்புக்கு இன்னா? மணி இன்னா ஆவுது, ஆளக் காணோம்?"

"ஒடம்பு நல்லாத்தாம்மா கீது. நான் ரிட்டயர் ஆயிட்டேன் இல்ல, தெரியாதா?"

"தெரியும்" என்றார் குப்பம்மா. "அதுக்கு?"